ஆயிலில் தண்ணீரா, தண்ணீரில் ஆயிலா: ஹெட்டை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

கூலன்ட் டேங்க் மூடியைத் திறந்தால் உள்ளே பழுப்பாக ஏதோ மிதக்கிறது. அல்லது டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில், டிகாக்‌ஷனில் பால் விட்டதுபோல் வெளுத்திருக்கிறது. பட்டறையில் காட்டினால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "ஹெட் கேஸ்கெட் போயிருச்சு சார், ஹெட்டை இறக்கணும்."

அதாவது, இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார்கள். அது சரியாக இருக்கவும் கூடும். ஆனால் ஆயிலும், இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரான கூலன்ட்டும் கலப்பதற்கு ஹெட் கேஸ்கெட் ஒன்றுதான் காரணம் என்றில்லை. ஆயில் கூலர் என்று ஒரு சின்னப் பாகம் ஓட்டை விழுந்தாலும் டேங்கில் இதே காட்சிதான். அதை மாற்றும் செலவும், ஹெட்டை இறக்கி லேத்துக்கு அனுப்பி மறுபடி ஏற்றும் செலவும் ஒன்றல்ல. ஆகவே எது எதற்குள் போயிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். பாதி விடை அங்கேயே இருக்கிறது. மீதிப் பாதிக்குச் சில எளிய சோதனைகள் போதும்; அவற்றில் பல, வீட்டு வாசலில் ஸ்பானர் பிடிக்காமலே செய்யக்கூடியவை.

முதலில் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்

சந்தேகம் வந்தவுடன் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். "மெதுவா ஓட்டிட்டு வந்துடுங்க, பாத்துக்கலாம்" என்று போனில் சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். கிராங்க் ஷாஃப்ட்டும் அதன் பேரிங்குகளும் ஒன்றையொன்று தொடாமல் சுற்றுவது நடுவில் இருக்கும் மெல்லிய ஆயில் படலத்தின் தயவில். அதில் தண்ணீர் கலந்தால் படலம் உடைந்து உலோகம் உலோகத்தில் உரசும். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைகால் சூடான ஆயிலில் கிடந்தால் அமிலமாக மாறி பேரிங்கை அரிக்கும். சேறுபோல் திரண்டு ஆயில் ஃபில்டரையும் அடைக்கும். கேஸ்கெட் வேலையாக முடிந்திருக்க வேண்டியது இன்ஜின் வேலையாக மாறுவது பெரும்பாலும் அந்தக் கடைசிப் பத்து கிலோமீட்டரில்தான். டோ வண்டிக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை.

இன்னொன்று: சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியையோ டேங்க் மூடியையோ திறக்கக் கூடாது. மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று எண் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அத்தனை அழுத்தம் வரை அந்த மூடி உள்ளே அடக்கி வைக்கிறது என்று பொருள். அழுத்தத்தில் இருப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திருகினால் அழுத்தம் போகும். அந்த நொடியே கொதித்து முகத்தில் அடிக்கும். ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள். ஆறிப்போய், மெத்தென்று அமுங்கினால் திறக்கலாம்.

இரண்டும் எங்கே பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன

இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருப்பது ஹெட் கேஸ்கெட். சிலிண்டர் துளைகள், தண்ணீர் போகும் வழிகள், ஆயில் மேலே ஏறும் வழி, கீழே இறங்கும் வழிகள் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்து வைப்பது அந்த ஒரு தகடுதான். இன்ஜின் ஒருமுறை நன்றாக ஓவர்ஹீட் ஆனால் அலுமினிய ஹெட் வளையும். கேஸ்கெட் அமுங்கும் இடத்தில் இடைவெளி விழும். வார்ப்பிரும்பைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவடையும் உலோகம் என்பதை நினைவில் வைத்தால், பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம் என்று கட்டிய இன்ஜின்கள் சூட்டுக்கு ஏன் இவ்வளவு பயப்படுகின்றன என்பது புரியும்.

இரண்டாவது இடம் ஆயில் கூலர். அடுக்கடுக்கான உலோகத் தகடுகள். ஒரு அடுக்கில் ஆயில், அடுத்த அடுக்கில் கூலன்ட். பெரும்பாலும் ஆயில் ஃபில்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா என்று நம் ஊர் சாலைகளில் ஏராளமாக ஓடிய ஃபியட்டின் 1248 சிசி டீசல் இன்ஜினில், ஃபில்டர் கூட்டோடு சேர்ந்தே கூலர் இருக்கிறது. மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டதால், இன்று கையில் இருக்கும் அந்த வண்டிகள் எல்லாமே வயதானவை. அவற்றில் டேங்குக்குள் ஆயில் தெரிந்தால் நான் முதலில் பார்க்கச் சொல்வது கூலரைத்தான். மாறாக, பல சிறிய பெட்ரோல் இன்ஜின்களில் ஆயில் கூலரே கிடையாது. உங்கள் வண்டியில் உண்டா என்று தெரிய, ஆயில் ஃபில்டரைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். ஃபில்டருக்கும் பிளாக்குக்கும் நடுவில் ஒரு உலோகப் பெட்டியும், அதற்குத் தண்ணீர் ஹோஸ்களும் இருந்தால் கூலர் இருக்கிறது. சிலவற்றில் ஹோஸ் இல்லாமல் நேராக பிளாக்கிலேயே பொருத்தியிருப்பார்கள்.

மூன்றாவது, ஹெட்டிலோ பிளாக்கிலோ விழும் விரிசல். நான்காவது, வெட் லைனர் (வெளிப்பக்கம் நேராகத் தண்ணீர் படும் சிலிண்டர் குழாய்) வைத்த டீசல் இன்ஜின்களில் லைனரின் அடியில் இருக்கும் ரப்பர் வளையங்கள். இது பெரும்பாலும் லாரி, டிராக்டர் சமாசாரம். தானியங்கி கியர் வண்டிகளில் சிலவற்றுக்கு, கியர் ஆயிலைக் குளிர்விக்கும் பகுதி ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும். அது ஓட்டையானால் கூலன்ட்டில் கலப்பது இன்ஜின் ஆயில் அல்ல, கியர் ஆயில். டேங்கில் இளஞ்சிவப்பாகத் திரளும், இன்ஜின் டிப்ஸ்டிக் சுத்தமாக இருக்கும். அப்போது அவசரம் கியர் பெட்டிக்கு. உள்ளே இருக்கும் கிளட்ச் தகடுகளின் ஒட்டுப்பசை தண்ணீர் பட்டால் கழன்றுவிடும்.

அழுத்தக் கணக்கு

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

இன்ஜின் ஓடும்போது ஆயில் பம்ப் தரும் அழுத்தம் பொதுவாக 2 முதல் 5 பார் (அழுத்தத்தின் அலகு) வரை. கூலன்ட்டின் அழுத்தம் 1 பார் பக்கம்தான். அதனால் இரண்டுக்கும் நடுவில் ஓட்டை விழுந்தால், ஓடும்போது ஆயில்தான் தண்ணீருக்குள் தள்ளப்படும். இன்ஜினை நிறுத்தியதும் ஆயில் அழுத்தம் சில நொடிகளில் பூஜ்யமாகிவிடும். கூலன்ட்டோ இன்னும் சூடாக, அழுத்தத்தோடு இருக்கும். ஆறும்வரை அது குறையாது. அப்போது ஓட்டம் திரும்பும், தண்ணீர் ஆயிலுக்குள் கசியும்.

ஆயில் மேலே ஏறும் வழியில்தான் அழுத்தம் உண்டு. மேலே வேலை முடிந்து, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சேம்பருக்கு வடியும் வழிகளில் அழுத்தமே கிடையாது. அந்த வடிகால் பக்கம் கேஸ்கெட் விட்டுப்போனால், இன்ஜின் ஓடினாலும் நின்றாலும் தண்ணீர்தான் ஆயிலுக்குள் போகும். தண்ணீர்ப் பக்கம் ஆயில் வரவே வராது.

இதிலிருந்து மூன்று முடிவுகள்.

டேங்கில் ஆயில், டிப்ஸ்டிக் சுத்தம்: அழுத்தமுள்ள ஆயில் வழியில் ஓட்டை. ஆயில் கூலர் இருக்கும் வண்டியானால் முதல் குற்றவாளி அதுதான். கேஸ்கெட்டில் ஆயில் மேலே ஏறும் அந்தத் துளைப் பக்கம் விட்டுப்போயிருந்தாலும் இப்படி வரும், ஆனால் பல நான்கு சிலிண்டர் இன்ஜின்களில் அப்படிப்பட்ட துளை ஒன்றே ஒன்றுதான்.

டிப்ஸ்டிக்கில் வெளுத்த ஆயில், டேங்க் சுத்தம்: ஆயில் வடிகால் பக்கம் கேஸ்கெட், ஹெட் விரிசல், லைனர் வளையம் இவற்றில் ஒன்று. அல்லது தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டன் வளையங்களைத் தாண்டி சேம்பருக்குப் போயிருக்கும். ஹெட்டை இறக்கும் வாய்ப்பு இங்கே அதிகம்.

இரண்டிலும் கலப்பு: ஓட்டை பெரிது, அல்லது பல நாள் கவனிக்காமல் ஓட்டிய வண்டி. முன்பு ஓவர்ஹீட் ஆன கதை இருந்தால் ஹெட் பக்கம் சாயுங்கள். இல்லாவிட்டால் கூலரை இன்னும் விட்டுவிட வேண்டாம்.

சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் அழுத்தம் இந்த இரண்டையும்விடப் பல மடங்கு. அது தண்ணீர் வழிக்குள் நுழைந்தால் டேங்கில் குமிழி வரும், ஹோஸ்கள் கல்லாக இறுகும். ஆயில் கூலரால் இது ஒருபோதும் நடக்காது. குமிழியும் ஆயிலும் சேர்ந்து வந்தால் அது ஹெட் பக்கத்துக் கோளாறுதான்.

படி 1: டிப்ஸ்டிக்கும் ஆயில் மூடியும்

வண்டி சமதளத்தில் இரவு முழுக்க நின்றிருக்க வேண்டும். காலையில் டிப்ஸ்டிக்கை உருவி, துடைக்காமல் அப்படியே வெள்ளைத் துணியிலோ டிஷ்யூ காகிதத்திலோ வைத்துப் பாருங்கள். நிறத்தோடு மட்டத்தையும் பாருங்கள். போன வாரம் நடுவில் இருந்தது இன்று மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் ஏதோ உள்ளே சேர்ந்திருக்கிறது. ஆயில் தானாகக் கூடாது.

கூடியது தண்ணீராகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. பிஎஸ்6 டீசல் வண்டிகளில், புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்போது டீசல் கொஞ்சம் ஆயிலில் இறங்கும், மட்டம் ஏறும். அந்த ஆயில் வெளுக்காது, நீர்த்துப்போய் டீசல் வாடை அடிக்கும்.

டீசல் வண்டியில் ஆயில் எப்போதும் கருப்பு என்பதால் பால் காபி நிறம் சட்டென்று தெரியாது. சாம்பல் கலந்த சாக்லெட் நிறமாக, வழக்கத்தைவிடக் கெட்டியாக இருக்கும். டிப்ஸ்டிக்கின் மேல்பகுதியில் சின்னச் சின்ன நீர்த்துளிகளோ துரு வரியோ இருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

அடுத்தது ஆயில் ஊற்றும் மூடி. புதியவர்கள் அதிகம் பயப்படுவதும், பெரும்பாலும் பயப்படத் தேவையில்லாததும் இதுதான். மூடியின் அடியில் மட்டும் வெளிர் மஞ்சளாக ஆடை படிந்திருக்கிறது, டிப்ஸ்டிக் சுத்தம், கூலன்ட் குறையவில்லை என்றால் அது வெறும் நீராவி. ஊட்டி, கொடைக்கானல் மாதிரி குளிர்ந்த ஊரில் பால் வாங்கவும் பள்ளியில் பிள்ளையை விடவும் மட்டுமே எடுக்கும் வண்டியில் இன்ஜின் முழுச் சூடு அடைவதே இல்லை. உள்ளே உருவாகும் ஈரம் ஆவியாகிப் போக வழியின்றி மூடியில் படிகிறது. துடைத்துவிட்டு, ஒருநாள் முக்கால் மணி நேரம் நல்ல சாலையில் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். திரும்ப வராவிட்டால் விஷயம் முடிந்தது. மூடியை மட்டும் பார்த்து ஹெட்டை இறக்கச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

படி 2: கூலன்ட் டேங்க்

ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து, விரலில் டிஷ்யூ சுற்றி டேங்கின் கழுத்தைத் துடைத்து எடுங்கள். பழுப்பு நிறத்தில் வருவதெல்லாம் ஆயில் அல்ல. நம் ஊரில் கூலன்ட்டுக்குப் பதில் போர்த் தண்ணீர் ஊற்றி ஓட்டுவது சகஜம். அதில் துருவும் உப்பும் சேர்ந்து செங்கல் நிறச் சேறு படியும். இரண்டையும் பிரிக்க விரல் போதும். இரண்டு விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள். துரு நறநறக்கும், குழாயில் காட்டினால் போய்விடும். ஆயில் வழுக்கும், சோப்பு போடாமல் போகாது. இன்னும் சந்தேகம் இருந்தால் டேங்கில் மேலாக மிதப்பதில் ஒரு சொட்டைச் செய்தித்தாளில் விட்டுக் காய வையுங்கள். தண்ணீர் காய்ந்துவிடும், ஆயில் இருந்தால் ஒளி ஊடுருவும் கறை நிற்கும். சோதித்து முடித்ததும் கையைக் கழுவுங்கள், கூலன்ட் நஞ்சு.

பச்சைக் கூலன்ட் இருந்த டேங்கில் வேறு வகைக் கூலன்ட்டை ஊற்றினால் சில சமயம் ஜெல்லிபோல் திரளும். முந்தைய சொந்தக்காரர் ஒழுகலை அடைக்கும் மருந்து ஊற்றியிருந்தாலும் இதே மாதிரி பிசுபிசுப்பு இருக்கும். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடுவது நம் ஓட்டுநர்களின் பழைய வைத்தியம். அந்த மிச்சமும் டேங்கில் வந்து நிற்கும். பழைய வண்டி வாங்கியவர்கள் இதையெல்லாம் விசாரிக்காமல் ஒரு முடிவுக்கு வரக்கூடாது. முன்பே கூலர் மாற்றி, சரியாகக் கழுவாமல் விட்ட வண்டியிலும் பழைய ஆயில் மாதக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும்.

மனிதத் தவறையும் மறக்க வேண்டாம். சர்வீஸில் ஒரு புதுப் பையன் ஆயில் ஊற்றும் துளையில் கூலன்ட்டை விட்ட கதைகள் உண்டு. சர்வீஸ் விட்டு வந்த மறுநாளே கலப்பு தெரிந்தால் முதலில் அங்கே போய்க் கேளுங்கள்.

படி 3: தோசைக்கல் சோதனை

நிறத்தை வைத்து முடிவுக்கு வர முடியாதபோது இது கைகொடுக்கும். ஒரு பழைய கல்லையோ தகரத் துண்டையோ நன்றாகச் சூடாக்குங்கள். தண்ணீர் தெளித்தால் உடனே சுர்ரென்று துள்ளி ஓட வேண்டும். ஆயில் புகையும் அளவுக்குக் காயக் கூடாது. அதன் மேல் டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டு விடுங்கள். சுத்தமான ஆயில் சத்தமில்லாமல் பரவும். தண்ணீர் கலந்திருந்தால் படபடவென்று வெடித்துக் குமிழி விடும். நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான தண்ணீரைக்கூட இது காட்டிக்கொடுக்கும். வெளியில் வைத்து, கண்ணாடி அணிந்து செய்யுங்கள். அந்தக் கல்லைத் திரும்ப அடுப்படிக்குள் கொண்டுபோக வேண்டாம்.

படி 4: ட்ரெய்ன் நட்டை மெல்லத் திருகுதல்

சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது, பொய் சொல்லாது. வண்டி ஓரிரவு அசையாமல் நிற்கட்டும். கூலன்ட் ஆயிலைவிடக் கனமானது. உள்ளே கலக்காமல் தனியாக இருப்பது சேம்பரின் அடிக்கு இறங்கிவிடும். காலையில் அடியில் ஒரு வெள்ளைக் கிண்ணத்தை வைத்து, ஆயிலை வடிக்கும் ட்ரெய்ன் நட்டை முழுக்கக் கழற்றாமல் இழை இழையாகத் தளர்த்துங்கள். கசிய ஆரம்பிக்கும் அந்த நொடியில் நிறுத்துங்கள். முதலில் வருவது என்ன? கருப்பு ஆயில் நேராக வந்தால் தனித் தண்ணீர் இல்லை. பச்சையாகவோ சிவப்பாகவோ நீர்த்த திரவம் ஒரு கோடுபோல் வந்து, அதன் பின்னால் ஆயில் வந்தால் விடை கிண்ணத்தில் இருக்கிறது. நிறமே இல்லாத தண்ணீர் வந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்: டேங்கில் நிறமுள்ள கூலன்ட் இருக்க, சேம்பரில் வெறும் தண்ணீர் எப்படி வந்தது?

அதற்கு ஒரு பதில் வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்கள் எத்தனையோ. அவற்றின் ஆயிலில் தண்ணீர் இருந்ததற்கும் கேஸ்கெட்டுக்கும் சம்பந்தமில்லை. அப்படிப்பட்ட வண்டியைச் சாவி போட்டுக்கூடப் பார்க்கக்கூடாது. சிலிண்டரில் தண்ணீர் நின்றால் அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

ஆயிலும் தண்ணீரும் ஏற்கெனவே நன்றாக அடித்துக் கலந்துபோயிருந்தால் இரவு முழுக்க நின்றாலும் பிரியாது. அப்போது வருவது எல்லாமே வெளுத்திருக்கும். அதுவும் விடைதான்.

படி 5: ஸ்டார்ட் செய்து பார்ப்பது

மேலே உள்ள சோதனைகளில் ஆயில் சுத்தம் என்று உறுதியானால் மட்டும் இது. ஆயில் வெளுத்திருந்தால் அடுத்த படிக்குப் போங்கள்.

குளிர்ந்த இன்ஜின், டேங்க் மூடி மூடியபடி. ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் கழித்து ரேடியேட்டர் மேல் ஹோஸை அமுக்குங்கள். சூடே ஏறாத இன்ஜினில் ஹோஸ் அதற்குள் இறுகினால், அழுத்தம் சூட்டிலிருந்து வரவில்லை, சிலிண்டரிலிருந்து வருகிறது. நிறுத்திவிட்டு, மூடியை மெல்லத் திறந்து வைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் டேங்கில் விடாமல் குமிழி வரும். சமீபத்தில் கூலன்ட் மாற்றிய வண்டியில் முதலில் கொஞ்சம் காற்று வருவது இயல்பு. அது சில நிமிடங்களில் நின்றுவிடும்.

சைலன்சரில் வெள்ளைப் புகையையும் பாருங்கள். காலைக் குளிரில் வரும் நீராவி சற்று நேரத்தில் நின்றுவிடும். சூடான பிறகும் கெட்டியாக, இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் எரிகிறது. இருந்தாலும் டீசல் வண்டியில் உடனே ஹெட்டைக் குற்றம் சொல்ல வேண்டாம், புகையில் ஒரு பங்கைக் குளிர்வித்து மறுபடி இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் கூலர் ஒழுகினாலும் கூலன்ட் குறைந்து வெள்ளைப் புகை வரும், ஆயிலில் கலப்பு இருக்காது.

படி 6: பட்டறையில் கேட்க வேண்டிய சோதனைகள்

இங்கே கருவி வேண்டும். எல்லாமே ஹெட்டில் கை வைக்காமல் செய்யக்கூடியவை.

பிரஷர் டெஸ்ட்: ரேடியேட்டர் மூடியின் இடத்தில் கைப்பம்பு பொருத்தி, மூடியில் எழுதியிருக்கும் அளவுக்குக் காற்று ஏற்றுவார்கள். அதற்கு மேல் ஏற்றக்கூடாது. கால்மணி நேரம் முள் அசையாமல் நிற்க வேண்டும். முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஒழுகல் இல்லை, உள்ளே ஹீட்டர் ஒழுகிக் கார்பெட்டும் ஈரமாகவில்லை என்றால் உள்ளேதான் போகிறது. ஆயிலை வடித்து ட்ரெய்ன் நட்டைத் திறந்தே வைத்துக்கொண்டு இதைச் செய்தால் இன்னும் நல்லது. கூலன்ட் சொட்டுச் சொட்டாக அங்கே வருவதைக் கண்ணால் பார்க்கலாம்.

பார்த்தாகிவிட்டது, அது கூலர் வழியா ஹெட் வழியா? கூலருக்கு வரும் இரண்டு தண்ணீர் ஹோஸ்களையும் கழற்றி, ஒரு குழாய்த் துண்டால் ஒன்றோடொன்று இணைத்துவிட்டு, அதாவது கூலரைச் சுற்றிலிருந்து விலக்கிவிட்டு, மறுபடி அதே அழுத்தம் ஏற்றச் சொல்லுங்கள். இப்போது முள் நின்றால் கூலர்தான். இன்னும் இறங்கினால் ஹெட் பக்கம். அரை மணி நேர வேலை, பெரிய செலவைத் தடுக்கக்கூடியது. ஆனால் கேட்டால்தான் செய்வார்கள். ஹோஸ் இல்லாத கூலரானால் கழற்றி ரேடியேட்டர் பட்டறையில் கொடுங்கள். ஒரு பக்கத் துளைகளை அடைத்து, வெந்நீரில் முக்கி, காற்று ஏற்றிப் பார்ப்பார்கள். வெந்நீர் என்று சொல்லிக் கேளுங்கள். சில விரிசல்கள் சூட்டில்தான் வாய் திறக்கும். கழற்றிய கையோடு கூலரின் ரப்பர் சீல்களையும் பாருங்கள். தகடு நன்றாக இருந்து சீல் மட்டும் போயிருப்பதும் உண்டு.

பிளாக் டெஸ்ட்: நீல நிறத் திரவம் உள்ள கண்ணாடிக் குழாயை டேங்க் வாயில் வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, மேலே சேரும் காற்றை அதற்குள் உறிஞ்சுவார்கள். எரிந்த வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும், டீசல் வண்டியில் பச்சையாகவும் மாறலாம். நிறம் மாறினால் ஹெட் பக்கக் கோளாறு உறுதி. ஆனால் மாறாவிட்டால் கேஸ்கெட் நல்லது என்று முடிவுகட்டக் கூடாது. சிலிண்டரைத் தொடாமல் ஆயில் வழிக்கும் தண்ணீர் வழிக்கும் நடுவில் மட்டும் கேஸ்கெட் விட்டிருந்தால் திரவம் நீலமாகவே இருக்கும். பல பட்டறைகளில் தவறவிடுவது இதைத்தான். இன்ஜினை ஓடவிட வேண்டிய சோதனை என்பதால், வெளுத்த ஆயிலோடு இதைச் செய்ய விடாதீர்கள்.

கம்ப்ரெஷன் டெஸ்ட்: ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று அளப்பது. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டிலும் அழுத்தம் குறைந்திருந்தால் அவற்றுக்கு நடுவில் கேஸ்கெட் எரிந்திருக்கும். பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும்போதே கவனியுங்கள். மற்றவை பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் கழுவியதுபோல் இருந்தால், அந்த சிலிண்டரில் தண்ணீர் ஆவியாகி அதைச் சுத்தம் செய்திருக்கிறது. போனில் இணைக்கும் சின்ன கேமரா இருந்தால் பிளக் துளை வழியே பிஸ்டன் தலையையும் பார்த்துவிடலாம்.

ஹெட்டை இறக்கத்தான் வேண்டும் என்றால்

அப்புறம் தயங்காதீர்கள். ஆனால் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடும் வேலைக்கு ஒத்துக்கொள்ள வேண்டாம். ஹெட்டின் அடிப்பரப்பில் நேர்ச் சட்டம் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜால் வளைவை அளக்க வேண்டும். பல கார்களில் அனுமதி 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரைதான்; சரியான எண் உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். விரிசலுக்கும் அழுத்தம் ஏற்றிப் பார்க்க வேண்டும். பிறகுதான் லேத்தில் ஃபேசிங், அதாவது அடிப்பரப்பைச் சமமாகச் சீவுவது. ஒருமுறை முறுக்கினால் நீண்டுவிடும் வகை ஹெட் போல்ட் என்றால் புதிதுதான் போட வேண்டும். முறுக்குவதும், முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரென்ச்சால், நடுவிலிருந்து வெளியே என்ற வரிசையில்.

ஹெட் ஏன் வளைந்தது என்பதையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஃபேன் ரிலே, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், அடைத்த ரேடியேட்டர் எதுவோ ஒன்று அதற்கு முன்பே போயிருக்கிறது. கத்திரி வெயிலில் நான்கு பேரோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறும் நாளில்தான் அது வெளியே தெரியும். இன்றைய பல சின்ன கார்களில் சூட்டைக் காட்டும் முள்ளே இல்லை, சிவப்பு விளக்கு மட்டும். அது எரியும்போது காரியம் கெட்டிருக்கும். வண்டியின் கம்ப்யூட்டர் தகவலைப் படிக்கும் ஓபிடி துளையில் செருகும் சின்னக் கருவி ஒன்றை வாங்கிப் போனில் சூட்டைப் பார்த்துக்கொள்வது அந்தக் குறைக்கு மலிவான ஈடு.

சரிசெய்த பிறகு கழுவுவது

ஓட்டையை அடைத்ததோடு வேலை முடியாது. தண்ணீர்ப் பக்கம் ஆயில் போயிருந்தால், கூலன்ட் முழுவதையும் வடித்து, நுரை குறைந்த டிடர்ஜென்ட் அல்லது ரேடியேட்டர் ஃப்ளஷ் கலந்த தண்ணீர் ஊற்றி, தெர்மோஸ்டாட் திறக்கும் சூடு வரும்வரை ஓடவிட்டு, ஆறவிட்டு வடிக்க வேண்டும். ஹீட்டரையும் முழுச் சூட்டில் வைத்திருங்கள், இல்லாவிட்டால் அந்தப் பக்கத்து ஆயில் அங்கேயே தங்கும். ஒரே தடவையில் போகாது. வடியும் தண்ணீர் வெளுக்காமல், மேலே படலம் மிதக்காமல் வரும்வரை திருப்பிச் செய்யுங்கள். கடைசியில் வெறும் தண்ணீரால் சோப்பை முழுக்க அலசிவிட்டு, கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரோடு கலந்து நிரப்புங்கள். போர்த் தண்ணீர் மறுபடி வேண்டவே வேண்டாம். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் திறந்து காற்றை எடுங்கள்.

தண்ணீர் ஹோஸ்களுக்குப் பயன்படுத்தும் ரப்பருக்கு ஆயில் ஆகாது. ஊறி உப்பி மெத்தென்று ஆகிவிடும். ஹோஸ்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, கொழகொழத்தவற்றை இப்போதே மாற்றிவிடுங்கள்.

ஆயில் பக்கம் தண்ணீர் போயிருந்தால் புது ஃபில்டரும் விலை குறைந்த ஆயிலும் போட்டு, சில நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, வடித்துவிட்டு, இன்னொரு புது ஃபில்டரோடு நல்ல ஆயில் ஊற்ற வேண்டும். சில நூறு கிலோமீட்டரில் அதையும் ஒருமுறை மாற்றுவது நல்லது. செலவுதான். பேரிங்கைவிட மலிவு.

வடித்த கூலன்ட்டைத் திறந்த வாளியில் விட்டுப் போகாதீர்கள். இனிப்பாக இருப்பதால் தெரு நாய்கள் நக்கும், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் கெட்டுச் சாகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. சாக்கடையிலும் ஊற்ற வேண்டாம். மூடிய கேனில் எடுத்து, பழைய ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த சில வாரங்களுக்கு வாரம் ஒருமுறை காலையில், வண்டி எடுக்கும் முன் டிப்ஸ்டிக்கையும் டேங்கையும் பாருங்கள். டேங்கின் மட்டத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி வையுங்கள். டேங்கில் இன்னும் கொஞ்சம் பழைய ஆயில் மிதந்தால் டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிடுங்கள். அது வாரத்துக்கு வாரம் குறைந்தால் கழுவாமல் விட்ட மிச்சம். குறையாமல் வந்துகொண்டே இருந்தால் ஓட்டை இன்னும் அடைபடவில்லை, படி 6-க்குத் திரும்பிப் போங்கள்.